தேறின துணியும் கழித்த துணியும்

பெங்களூர்த் தண்டுப் பிரதேசத்தில் ரிச்மண்ட் டவுனுக்கும் நீலசந்திராவுக்கும் அருகே அமைந்த ஆஸ்டின் டவுன், எஃப். கிட்டல் நகர் என்று பெயர் மாற்றம் பெற்ற பின்பும், ஜனங்களின் வாக்கில் பழைய பெயராலேயே வழங்கிவருகிறது. கால்பந்தாட்ட ரசிகர்களுக்கு நந்தன் மைதானத்தால் பிரசித்தமான இந்தப் பேட்டையிலும் இதைச் சுற்றிய தமிழ்க் குடியிருப்புகளிலும், ஒரு பெண் 'செக்கிங்'குக்குப் போகிறாள் என்று சொன்னால் அதற்கு மேல் வியாக்கியானம் வேண்டியதில்லை. ஓசூர்ச் சாலைப் பக்கத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில், தைத்து வந்த சட்டையை விளக்கொளியில் மேசைமேல் விரித்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, நூல் பிசிறு, பொத்தான் துவாரத்தின் பிழை ஆகியவற்றைத் தேடி, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை 'ஆல்டர்' என்று மறு பக்கமும் ஒதுக்குகிற வேலை அது. அவளுக்கு மேலே தொழிற்சாலையின் தரக் கண்காணிப்பாளரும், அவருக்கும் மேலே, கடல் கடந்த நாட்டிலிருந்து சரக்கு வாங்கும் கம்பெனியின் பிரதிநிதியும் இருக்கிறார்கள். அந்நிய வர்த்தகன் நம் துணியை, அது உருவாகும் தேசத்திலேயே ஆள் வைத்துப் பரிசோதிக்கிற இந்த ஏற்பாடு மிகச் சமீப காலத்தது என்று எண்ணுவோர் பலர். ஆனால் அதன் சரித்திரம் சென்னைக் கோட்டையின் வயதை ஒத்தது. அந்தச் சரித்திரத்தைத் தொடர்ந்து படித்து வருபவருக்கு, துணியின் குணத்தைக் காட்டிலும், 'தேறவில்லை' என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருந்தது, அப்படிச் சொன்னதால் விளைந்த நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்பவையே முக்கியமான விஷயங்களாகத் தோன்றும்.

1639-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, ஆர்மகாமில் இருந்த கம்பெனிப் பண்டகசாலைக்கு மாற்றிடம் தேடிக் கடற்கரையோரமாகத் தெற்கே வந்தபோது, துறைமுக வசதி எதுவுமில்லாத ஒரு மணல் திட்டை அவர் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன பிரதான காரணம், அங்கே துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு 20 வீதம் மலிவாகக் கிடைக்கும் என்பதே. லாங்கிளாத், சேலம்பூர், மூரி, பெட்டில்லா என்று பலவாறு அழைக்கப்பட்ட அந்தத் துணிகளில் லாங்கிளாத் ஏறத்தாழ 36 கெஜ நீளமுடையது. அதன் தரத்தைப் புஞ்சக் கணக்கில் சொல்வார்கள். பாவில் 120 இழை சேர்ந்தது ஒரு புஞ்சம். அகலம் மாறாதிருக்கப் புஞ்சம் ஏற ஏற நெசவு நெருக்கமாகும், விலையும் ஏறும். ஆகவே, இத்தனை புஞ்சம் என்று ஒப்புக்கொண்டு இரண்டு புஞ்சம் குறைத்து நெய்த துணியைத் தொட்டுப் பார்த்தவுடனே கண்டுபிடிக்கும் விரலும் கண்ணும் உடைய மனிதர்கள் அந்த வியாபாரத்துக்கு இன்றியமையாதவர்களானார்கள்.

இந்தப் பரிசோதனை லண்டனிலும் நடந்ததுண்டு. ஆனால் கப்பல் லண்டன் போய்ச் சேர ஆறு மாதத்துக்குக் குறையாது. அங்கே பேலைப் பிரித்துக் குறை கண்டு டைரக்டர்கள் எழுதிய கண்டனக் கடிதம் சென்னைக்குத் திரும்பி வர அதே அளவு காலம் பிடிக்கும். அதற்குள் அந்தக் குறைபாட்டோடேயே அடுத்த வருஷத்துச் சரக்கும் கடலில் இறங்கியிருக்கும். எனவே கழிக்க வேண்டியதைக் கப்பலேறுமுன் கழித்துவிடுவதே உசிதம் என்று கம்பெனியார் தீர்மானித்து, கோட்டைக்குள் துணி பிரிக்கும் கிடங்கு ஒன்றை நியமித்தார்கள். கவுன்சில் அங்கத்தினர் ஒருவர் பண்டகசாலை அதிகாரியாக இருந்து அதை மேற்பார்த்தார். வருஷந்தோறும் சென்னை வியாபாரிகளோடு ஒப்பந்தம் எழுதும்போது, ஒவ்வொரு தினுசிலும் ஒரு மாதிரித் துணியை எடுத்து வைத்துக்கொள்வார்கள். 'மஸ்தர்' என்று அதற்குப் பெயர். வியாபாரி கொண்டுவரும் ஒவ்வொரு உருப்படியும் அந்த மஸ்தரோடு ஒப்பிடப்பட்டு, முதல் தரம், இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்று பிரிக்கப்படும். எதிலும் சேராதது கழிக்கப்படும். தேறிய கோராத் துணி வண்ணார்களிடம் போய் வெளுத்து, கொட்டாப்புளியால் அடிபட்டு மழமழப்பாகி, மீண்டும் ஒரு முறை பார்வையிடப்பட்ட பிறகுதான் பேலாகக் கட்டப்படும். வண்ணாரப்பேட்டை என்னும் பேட்டை இந்த வேலையின் பொருட்டு எழுந்ததே.

குறைகள் எவையெனில், நீளத்தில் ஒரு முழம் குறைவது, பாவில் இழை குறைவது, ஒரே உருப்படியில் முனை நெருக்கமாகவும் நடு தளர்வாகவும் நெய்திருப்பது, மெல்லிய நெசவைக் கெட்டிக் கஞ்சியால் மறைப்பது முதலானவை. இவற்றைக் கம்பெனிக் குறிப்பேடுகள் பெரும்பாலும் நெசவாளனுடைய வஞ்சகமென்றே வர்ணிக்கின்றன. நம் அபிப்பிராயம் வேறு. ஒப்பந்தத்தில் துணியின் விலை வருஷ ஆரம்பத்திலேயே நிர்ணயமாகிவிடுகிறது. இடையில் மழை பொய்த்துப் பருத்தியும் அரிசியும் விலையேறினால், நூலுக்கும் சோற்றுக்கும் அதிகம் கொடுக்க வேண்டிய நெசவாளனுக்குத் துணியின் விலையை உயர்த்த வழியில்லை. விலையை உயர்த்த முடியாதவன் இழையைக் குறைத்தான். ஒரு பஞ்ச காலத்துத் துணியின் தளர்ந்த நெசவைக் கண்டு ஒழுக்கக்கேடு என்று எழுதிய குமாஸ்தா, அதே துணியில் அவ்வருஷத்து அரிசி விலையைப் படித்திருக்கலாம்.

நெசவாளனும் முற்றிலும் வலியற்றவனாக இருந்துவிடவில்லை. அவன் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் தறியில் பாவைப் பூட்டினான். பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை அவனுக்குச் சம்பிரதாயமாக இருந்தது. முன்பணத்தைத் திரும்பக் கேட்டு வற்புறுத்தும் உரிமை வியாபாரிக்கு இருக்கவில்லை. அதைவிடப் பெரிய பலம், இந்தக் கரையில் துணி வாங்குவோர் பலர் இருந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர், பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர், இவர்கள் அனைவருக்கும் முன்பிருந்தே கிழக்குத் தேசங்களுக்குத் துணியனுப்பி வந்த நம் வணிகர், இவர்களுக்கெல்லாம் மேலாக, வேட்டியும் சேலையும் வாங்குகிற உள்ளூர்ச் சந்தை. சென்னைக் கிடங்கில் கழிபட்ட துணி வேறொருவனுடைய பேலில் ஏறிவிடும். பாண்டிச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுகிறவர்கள், துணி வியாபாரிகளும் அவர்களுடைய முன்பணப் பேச்சும் சரக்கு வராத தாமதமும் அடிக்கடி வருவதைக் காணலாம். துணிக்காகக் கம்பெனிகள் காத்துக் கிடந்த காலம் அது. கழிக்கும் அதிகாரத்துக்கு அக்காலத்தில் ஓர் எல்லை இருந்ததென்றால், அதற்குக் காரணம் அடுத்த ஊர்க் கொள்முதல்காரனே.

சரக்கு கோட்டை வாசலுக்கு வந்த பிறகு பார்ப்பதைவிட, அது உண்டாகும் இடத்தையே அருகில் கொண்டுவருவது நலம் என்ற யோசனை கம்பெனியாருக்கு வெகு சீக்கிரம் தோன்றிவிட்டது. 1680-ல் ஸ்டிரேன்ஷாம் மாஸ்டர் கவர்னராக இருந்தபோது, சென்னை வியாபாரிகளை ஒரு கூட்டு மூலதன ஸ்தாபனமாகச் சேர்த்து, சரக்கின் தரத்துக்கு அவர்கள் கூட்டாக ஜவாப்தாரிகளாகும்படி செய்தார்கள். பின்னர் ஜோசப் காலெட் தம் ஆட்சிக் காலத்தில் திருவொற்றியூர் அருகே நெசவாளர்களைக் குடியேற்றினார். காலாடிப்பேட்டை என்று இன்று வழங்கும் இடம் அது. 1734-ல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், சுங்குராமச் செட்டியாரிடமிருந்த தோட்ட நிலத்தை எடுத்து, கூவத்தின் வளைவிலே சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கி, நூற்போர், நெய்வோர், சித்திரம் எழுதுவோர், வெளுப்போர், கோயில் பணியாளர் ஆகியோர் மட்டுமே அங்கு வசிக்கலாமென்று விதித்தார். ஆதிகேசவப் பெருமாள் கோயிலையும் ஆதிபுரீசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டு அந்தத் தெருக்களில் நடப்பவர்கள், அவை ஒரு காலத்தில் கோட்டையின் பார்வைக்கு எட்டும் தூரத்தில் தறிகளை நிறுத்தி வைப்பதற்காக அளந்து போடப்பட்டவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆயினும் பரிசோதகன் தறியின் தலைமாட்டிலேயே வந்து நின்றது, ஆங்கிலேயர் ராஜ்யாதிகாரம் பெற்ற பிறகுதான். 1760-ல் வந்தவாசியிலும் 1761-ல் பாண்டிச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர் தோற்றதன் பலனைச் சரித்திரப் புஸ்தகங்கள் நவாபுகளின் கணக்கில் எழுதுகின்றன. நெசவாளனுக்கு அதன் பலன், துணி வாங்கும் போட்டியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒடுங்கியதே. கம்பெனி நாளடைவில் வியாபாரிகளை விலக்கிவிட்டுத் தன் சொந்தக் குமாஸ்தாக்கள் மூலம் நேரே நெசவாளருக்கு முன்பணம் கொடுக்கத் தொடங்கியது. கடலூரிலும், 1792-ல் பாராமகாலும் சேலமும் கைக்கு வந்த பின் சேலத்திலும், வர்த்தக ரெசிடெண்டுகள் நியமிக்கப்பட்டார்கள். முன்பணக் கணக்குத் தீராதவன் வேறெவருக்கும் நெய்யலாகாது என்று விதி வந்தது. தாமதித்தவன் வீட்டு வாசலில் பியூன் உட்கார்த்தப்பட்டான். அந்தப் பியூனுடைய படிச் செலவையும் நெசவாளனே கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது 'தேறவில்லை' என்று குமாஸ்தா சொன்னால், துணியை எடுத்துக்கொண்டு போக வேறு கடை இல்லை; குறைத்துச் சொன்ன விலைக்கே அதைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். தறியை விட்டு ஊரை விட்டுக் கூட்டங்கூட்டமாக வெளியேறுவதுதான் நெசவாளர்கள் அக்காலத்தில் கையாண்ட எதிர்ப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அது பல இடங்களில் நடந்தது. அதே மஸ்தர், அதே புஞ்சக் கணக்கு, அதே மூன்று தரங்கள். ஆனால் மாறிய சந்தையில் அந்தப் பரிசோதனை வேறொரு கருவியாகிவிட்டது.

1813-ல் கம்பெனியின் இந்திய வர்த்தக ஏகபோகம் ஒழிந்தது. 1833-ஆம் வருஷத்துச் சட்டத்தோடு அதன் வியாபாரமே முடிவுற்றது. லங்காஷயர் ஆலைத் துணி வந்து குவிந்த அந்தக் காலத்தில், நம் துணியைக் கழிக்கவும் ஆளில்லாமல் போயிற்று. பெங்களூர் இந்தக் கடற்கரை வியாபாரத்துக்குப் புறம்பாகவே இருந்து வந்த ஊர். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு வருஷம், 1800-ல், இங்கே வந்த பிரான்சிஸ் புக்கானன் இவ்வூர் நெசவாளச் சாதிகளையும் அவர்கள் நெய்த பட்டையும் பருத்தியையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 1809-ல் தண்டு ஸ்தாபிக்கப்பட்டு, அதன் பின்னே தமிழ் ஜில்லாக்களிலிருந்து வந்த ஜனங்கள் அதைச் சுற்றிக் குடியேறினார்கள். 1884-ல் தொடங்கி விரைவில் பின்னி கம்பெனியின் நிர்வாகத்துக்குள் வந்த கம்பளி, பருத்தி, பட்டு ஆலையோடு ஆலைத் தொழில் இங்கே வேரூன்றிற்று.

இங்கே ஒரு விநோதத்தைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழாகி, இந்தியா தண்டவாளம், எஞ்சின், பாலத்து இரும்பு ஆகியவற்றை இங்கிலாந்திலிருந்து வாங்கும் தேசமாயிற்று. அப்போது வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குச் சென்று, சரக்கு உருவாகும்போதே பரிசோதிக்கும் உரிமை நம்முடையதாயிருந்திருக்க வேண்டும். உண்மையில் பரிசோதனை நடக்கவும் நடந்தது: லண்டனில் இந்தியா ஆபீசின் பண்டகசாலை இலாகாவும், அலெக்ஸாண்டர் ரெண்டல் போன்ற ஆலோசனை என்ஜினீயர்களும் அதை நிர்வகித்தார்கள். ஆனால் வாங்குவோர் சார்பில் நின்றவரும் ஆங்கிலேயர், விற்றவரும் ஆங்கிலேயர். செலவு மட்டும் இந்திய வருமானத்தில் எழுதப்பட்டது. நம் துணியை அவர்கள் வாங்கியபோதும் பரிசோதகர் அவர்களே, அவர்கள் இரும்பை நாம் வாங்கியபோதும் பரிசோதகர் அவர்களே என்றால், பரிசோதனை என்பது பணம் கொடுப்பவனுடைய உரிமை என்ற சாமானிய நியாயம்கூட ராஜ்யாதிகாரத்தின் முன் நிற்கவில்லை என்பது தெளிவு. 1920-களில் இந்தியப் பண்டகசாலை இலாகா என்று ஒன்று இங்கேயே ஏற்பட்ட பின்தான் அந்த நிலைமை சிறிது மாறத் தொடங்கிற்று.

பெங்களூருக்கு நுட்பமான பரிசோதனைப் பழக்கத்தைக் கொண்டுவந்தது யுத்தம். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியால் ஆரம்பமான இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1943-ல் அமெரிக்க ராணுவ விமானப் படையின் நிர்வாகத்துக்குப் போய், பழுதுபட்ட விமானங்களைச் செப்பனிடும் பெரிய கேந்திரமாயிற்று. விமானத்தில் ஒரு ஆணி தவறினாலும் உயிர் போகுமாதலால், ஒவ்வொரு பாகமும் உருவாகும் நிலையிலேயே பார்வையிடப்பட்டு, பார்த்தவருடைய முத்திரை அதில் விழவேண்டும் என்பது அத்தொழிலின் விதி. சுதந்தரத்துக்குப் பின் டெலிபோன் தொழிற்சாலையும், எச்.எம்.டி.யும், பாரத் எலெக்ட்ரானிக்ஸும் வந்து, தண்டுப் பகுதித் தமிழரில் எத்தனையோ குடும்பங்களுக்கு மாதச் சம்பளத்தையும், 'இன்ஸ்பெக்ஷன்' என்ற சொல்லின் மீது ஒரு மரியாதையையும் தந்தன. இதே காலத்தில் பரிசோதனை சாஸ்திரமும் உருமாறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஷூவார்ட், டாட்ஜ், ரோமிக் ஆகியோர், ஆயிரம் உருப்படியையும் பார்க்காமல், எண்ணிச் சில உருப்படிகளை மட்டும் எடுத்துப் பார்த்து முழுச் சரக்கையும் ஏற்கவோ தள்ளவோ கணிதத்தால் வழி வகுத்தார்கள். யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் அதைக் கைக்கொண்டது. புள்ளியியல் நிபுணர் மகாலனோபிஸின் அழைப்பின் பேரில் ஷூவார்ட் 1947-48-ல் இந்தியாவுக்கு வந்து போனார். இந்தியப் புள்ளியியல் கழகம் 1950-களில் பெங்களூரிலும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவொன்றை ஏற்படுத்தியது.

ஏற்றுமதிச் சரக்கைக் கப்பலேறுமுன் நம் அரசாங்கமே பரிசோதிக்க வேண்டும் என்று 1963-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1964-ல் ஏற்றுமதிப் பரிசோதனைக் கவுன்சில் ஏற்பட்டது. அதற்குச் சற்று முன் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதை பரிசோதகர்களுடைய கர்வத்தைச் சற்றே அடக்கக்கூடியது. 1958-ல் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வியாபாரி, காப்டன் கிருஷ்ணன் நாயர் என்ற ஏற்றுமதியாளரிடம் சென்னைக் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கிப்போய்ப் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். சலவையில் சாயம் இறங்கி ஒன்றோடொன்று கலந்தது. எந்த மேசையிலும் முதல் பார்வையிலேயே கழிபட வேண்டிய குறை. கடைக்காரர்களோ வழக்குப் போடுவதை விட்டு, சாயம் இறங்குவதே இத்துணியின் அழகென்றும், துவைக்கத் துவைக்கப் புது நிறம் காட்டுமென்றும் விளம்பரம் செய்தார்கள். அந்தத் துணிக்கு அமெரிக்க வாலிபர்களிடையே கிராக்கி ஏற்பட்டுவிட்டது. குறையும் குணமும் வாங்குகிறவன் வாயில் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது கஷ்டம்.

1974 முதல் 1994 முடிய அமலிலிருந்த பலநாட்டு இழை உடன்படிக்கையும், அதைத் தொடர்ந்து 2004 முடிய அமலிலிருந்த உடன்படிக்கையும், ஒவ்வொரு தேசமும் இவ்வளவுதான் ஆடை அனுப்பலாம் என்று பங்கு பிரித்துக் கொடுத்த காலத்தில், பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழில் செழித்தது. பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் எழுந்த கட்டடங்களில் பெண்களே பெரும்பான்மைத் தொழிலாளர்களானார்கள். இங்கே பழைய மஸ்தருக்குப் பதில் முத்திரையிட்ட மாதிரிச் சட்டை. கிடங்குக்குப் பதில் கட்டங்கட்டமான பரிசோதனை. துணி ஆலையிலிருந்து வந்தவுடன் நான்கு புள்ளி முறைப்படி பார்ப்பார்கள்: மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட பழுதுக்கு ஒரு புள்ளி, ஒன்பது அங்குலத்தைத் தாண்டியதற்கு நான்கு, நூறு சதுர கெஜத்தில் நாற்பது புள்ளிக்கு மேற்பட்டால் அந்தச் சுருள் பெரும்பாலும் தள்ளப்படும். வெட்டும்போது ஒரு பார்வை, தைக்கும் லைனின் நடுவிலே ஒரு பார்வை, லைன் முடிவில் மேசைப் பார்வை, தேய்த்து மடித்தபின் ஒரு பார்வை. எல்லாம் முடிந்து பெட்டியில் அடைத்தபின் வாங்குகிறவருடைய ஆள் வருகிறார். மூவாயிரம் சட்டை கொண்ட சரக்கானால், வழக்கமான அட்டவணைப்படி 125 சட்டையை அங்குமிங்குமாக எடுத்துப் பார்ப்பார். 2.5 என்ற ஏற்புத் தர அளவுக்கு, ஏழு சட்டை வரை பெரிய பழுது இருந்தால் சரக்குத் தேறும், எட்டானால் தேறாது. தேறாத சரக்கு முழுவதையும் தொழிற்சாலையே தன் செலவில் பிரித்துப் பார்த்துச் சீராக்க வேண்டும். அதனால் கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவோ விலைத் தள்ளுபடியோ பெரும்பாலும் தொழிற்சாலையின் கணக்கில் சேரும். தொழிற்சாலைக்காரர் அதை எங்கே இறக்கி வைப்பார் என்பதை, அன்று மாலை 'டார்கெட்' முடியாமல் வீட்டுக்குப் போக நேரமாகும் பெண்களைக் கேட்டால் சொல்லுவார்கள். கணக்கு முறையைப் பொறுத்த மட்டில் டாட்ஜும் ரோமிக்கும் பழைய குமாஸ்தாவைவிட ஆயிரம் மடங்கு நியாயமானவர்கள். எட்டாவது சட்டை எட்டாவது சட்டைதான், அதில் பட்சபாதமில்லை. நஷ்டம் இறங்கிப் போகும் பாதை மட்டும் சேலத்து ரெசிடெண்ட் காலத்தில் எப்படியிருந்ததோ அப்படியே இருக்கிறது.

சட்டையை இத்தனை கட்டத்தில் பார்த்த கண்கள் கட்டடத்தைப் பார்த்தனவா என்ற கேள்வி, 2012 செப்டம்பரில் கராச்சியில் ஆடைத் தொழிற்சாலையொன்று தீப்பற்றி 250-க்கு மேற்பட்டோர் மாண்டபோது எழுந்தது; அந்தத் தொழிற்சாலை, தொழிலாளர் நலத் தரச் சான்று வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. 2013 ஏப்ரல் 24-ல் டாக்காவை அடுத்த சாவாரில் ரானா பிளாசா இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் இறந்தனர். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழ்த் தளத்து வங்கி தன் சிப்பந்திகளை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அந்தக் கட்டடத்திலிருந்த தொழிற்சாலைகளிலும் தணிக்கைக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். அதன் பிறகே, வாங்கும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டு, கட்டடத்தையும் தீ பயத்தையும் சுதந்தரமான என்ஜினீயர்கள் பரிசோதிக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது.

நம் நாட்டில் இவ்விஷயத்தில் நேர்ந்த குறிப்பிடத்தக்க மாறுதல் திண்டுக்கல்லில் நிகழ்ந்தது. அங்குள்ள தொழிற்சாலையொன்றின் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்டதை அடுத்து, 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், எச் அண்ட் எம் கம்பெனியும், வேறு சில அமைப்புகளும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி, தொழிற்சாலைத் தளத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பு, வெளியிலிருந்து நாள் குறித்து வரும் தணிக்கைக்காரருக்குப் பதில், பயிற்சி பெற்ற தொழிலாளிப் பெண்களிடமே ஒப்படைக்கப்பட்டது. மஸ்தரை வைத்து ஒப்பிட்ட நாள் முதல் பரிசோதிக்கப்படுபவர்களாகவே இருந்தவர்கள், தங்கள் வேலைத்தளத்தைத் தாங்களே பரிசோதித்து எழுதும் உரிமையை இவ்வாறு ஓரளவு பெற்றார்கள். சட்டைக்கு என்ன விலை என்று பேசும் மேசையில் அவர்களுக்கு இன்னும் இடமில்லை.